சரிபார்த்த விலாசம்

சத்யபாமா என்ன வேலை பார்க்கிறாள் என்பது ரங்கூனின் அலோன் பேட்டையில் அவள் குடியிருந்த தெருவில் ஒருவருக்கும் சரியாக விளங்கியதில்லை. பேங்க் உத்தியோகம் என்று சிலர் நினைத்தார்கள். வட்டிக் கம்பெனி என்று சிலர் குசுகுசுத்தார்கள். இரண்டும் இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மடம், தர்ம நிதி என்று தனி ஆளுக்குச் சொந்தமில்லாத பணம் ஊரில் எங்கெல்லாம் கிடக்கிறதோ, அதை எதில் போட்டால் முதல் கரையாது, வருகிற வருமானத்தில் வருஷத்துக்கு எவ்வளவு எடுத்துச் செலவழிக்கலாம் என்று யோசனை சொல்லுகிற ஆபீஸ் அது. யோசனைக்கு மட்டும்தான் கூலி. பணம் இவர்கள் கைக்கு ஒருநாளும் வராது. ஒரு காலத்தில் பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு தலைகீழான பிறகு முதலாளி பாங்காக்கில் போய் உட்கார்ந்துகொண்டார், மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது மூன்று பேரும் ஒரு ஜெனரேட்டரும்.

ஆபீசின் பழைய வாடிக்கை ஜைனப் பீவி தர்ம நிதி. கடலோரத்துத் தமிழ்நாட்டிலிருந்து ரங்கூனுக்கு வந்து துணி வியாபாரத்தில் செழித்த வீட்டு அம்மாள் ஒருவர், பிள்ளை இல்லாதவர், மொகல் தெருவில் நான்கு கடைகளையும் கொஞ்சம் தங்கத்தையும் ஏழைகளின் நோய்க்கும் பசிக்கும் என்று எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். நிதியின் கூட்டக் குறிப்புகள் தமிழில்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது பெரிய காரியமில்லை. இப்போதிருக்கும் ஏழு டிரஸ்டிகளில் ஐந்து பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மீதி இரண்டு பேருக்குக் கை நடுங்கும். அதனால் பதினான்கு வருஷமாக அந்தக் குறிப்பை எழுதுகிறவள் சத்யபாமாதான்.

குறிப்புப் புத்தகம் தடித்த அட்டை போட்டது. பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்த எண், எண்ணுக்குப் பக்கத்தில் நிதியின் முத்திரை. ஒரு தாளைக் கிழித்தால் விழுந்த பல் மாதிரி பளிச்சென்று தெரிந்துவிடும். அப்படி ஏற்பாடு செய்தவளும் அவளேதான். அவளிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. விலாசம் இல்லாமல் ஒரு காசும் போகாது. உதவி யாருக்குப் போகிறதோ அவர் பெயர், இடம், தொகை மூன்றும் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறுமுன் இவள் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து கடைசியில் 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். நேர்மைக்கும் ஒரு திமிர் உண்டு. சத்யபாமாவுக்கு அது ஒரு பிடி கூடுதல்.

அந்தத் திமிர்தான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எழுதியது.

நிதியின் தலைவர் அய்யூப் ஹாஜியார். அவர் மகள் உஸ்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவள். ராணுவ ஆட்சியை எதிர்த்து மற்ற டாக்டர்களோடு சேர்ந்து வேலையை விட்டு வெளியே வந்தாள். பெயரில் வாரண்டு விழுந்தது. இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்றுதான் ஊர் நம்பியது. உண்மையில் அவள் ஆற்றைத் தாண்டிப் பத்து நிமிஷப் படகு தூரத்தில், டாலாவில், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற ஒருவர் வீட்டுப் பின்கட்டில் வேறு பெயரில் இருந்தாள். பிரசவம் பார்த்தாள், புண்ணுக்குக் கட்டுப்போட்டாள், காசு கேட்கவில்லை. துப்பாக்கிக் குண்டு பட்டவர்களும் அங்கே வந்து போவதாகக் கேள்வி. அவளுடைய மருந்துச் செலவுக்கு மாதம் முப்பது லட்சம் கியாட் கொடுப்பதென்று டிரஸ்டிகள் ஏழு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

"வைத்திய உதவின்னு மட்டும் எழுதும்மா. பேரு வேணாம், எடம் வேணாம்" என்றார் ஹாஜியார்.

"பேரில்லாம எழுதுனா நாளைக்கு யாராச்சும் வந்து, ஹாஜியார் நிதிப் பணத்த மகளுக்குத் தின்னக் குடுத்தாருன்னு சொல்லுவாங்க. அப்ப யாரு பதில் சொல்றது? ஒங்க நல்லதுக்குத்தான் எழுதுறேன்."

கிழவர் புத்தகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, "தமிழ்தானே, எவன் படிக்கப்போறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சத்யபாமா அடுத்த நாளே படகேறி டாலாவுக்குப் போனாள். உஸ்மா கொடுத்த கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டே மருந்து அலமாரியை எண்ணிப் பார்த்தாள். திரும்பி வந்து, 'உஸ்மா, டாலா, படகுத்துறையிலிருந்து மூன்றாவது சந்து, பச்சைத் தகரக் கேட்டு, நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று முத்து முத்தாக எழுதிவைத்தாள். நல்லதுக்குத்தான் எழுதினாள். அதில் சந்தேகமே வேண்டாம்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு மாதம் ஓடி, ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தார்கள்.

நான்கு பேர். முன்னால் வந்தவர் அதிகாரி. நாற்பத்தைந்து வயசிருக்கும், வெள்ளை முழுக்கைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, குரல் உயராத மனுஷர். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். நான்காமவரைப் பார்த்ததும்தான் சத்யபாமாவின் கண் குறிப்புப் புத்தகத்தின் பக்கம் போயிற்று. கட்டம் போட்ட லுங்கி, நெற்றியில் காலையில் இட்ட திருநீற்றின் மிச்சம். செல்லக்கண்ணு என்று பெயர் சொன்னார். எங்கோ வார்டு ஆபீசில் குமாஸ்தாவாம். தமிழ்க்காரர்.

அவர்களுக்கு நடுவில், ஒரே ராத்திரியில் பத்து வயசு கூடினவர் மாதிரி அய்யூப் ஹாஜியார் நின்றார்.

அதிகாரி எல்லோருடைய போன்களையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். பிறகு ஒரு பேங்க் தாளை விரித்தார். இருபத்திரண்டு மாதமாக மாதம் முப்பது லட்சம் ரொக்கமாக எடுக்கப்பட்டிருக்கிறது. யாருக்குப் போனது?

"பெரியவரைக் கேட்டேன். எல்லாம் ஆபீஸ் புத்தகத்தில் இருக்கிறது என்றார்" என்று பர்மியில் சொல்லிவிட்டுப் புன்னகை செய்தார். "எடுங்கள், டோ சத்யா" என்று பர்மிய மரியாதைப் பட்டத்தோடு சொன்னார்.

எடுத்துக் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்ய? அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தமிழ் எழுத்து அவருக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான் தெரிந்திருக்கும், ஆனால் எண் எந்த ஊரிலும் எண்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. முப்பது லட்சம் என்ற எண்ணின் மேல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் புத்தகத்தைச் செல்லக்கண்ணு பக்கம் திருப்பினார்.

செல்லக்கண்ணு குனிந்து பார்த்தார். உஸ்மா என்ற மூன்று எழுத்தும் வரிசைக்கு நடுவில் குத்துக்கல்லாக நின்றன.

"பேச வரும், சயா. கேட்டா அர்த்தம் சொல்லுவேன்" என்றார் செல்லக்கண்ணு, அதிகாரியிடம் பர்மியில் ஐயா போட்டு, தலையைச் சொறிந்துகொண்டே. "படிக்கத் தெரியாது. நம்மளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு யாரு அனுப்புனாங்க?"

மெய்யாகவே தெரியாதா, தெரியாததுபோல் இருக்கிறாரா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். மூளைக்காரர்தான். "அப்படியானால் டோ சத்யா படிக்கட்டும். தமிழிலேயே படிக்கட்டும். நீங்கள் பர்மியில் சொல்லுங்கள். அந்த அம்மாள் சொல்லும் பர்மி எனக்கு வேண்டாம்."

புத்தகம் அவள் கைக்கு வந்தது. அவள் தேதியைப் படித்தாள். வந்திருந்த ஏழு பேரின் பெயர்களைப் படித்தாள். செல்லக்கண்ணு ஒவ்வொன்றையும் பிசகில்லாமல் பர்மியில் சொன்னார், அதிகாரி எழுதிக்கொண்டார். ஹாஜியார் கையிலிருந்த தஸ்பீஹ் மணி ஓடிக்கொண்டிருந்தது. 'மாதம் முப்பது லட்சம் கியாட் கீழ்க்கண்டவருக்குக் கொடுப்பது' என்ற வரை வந்துவிட்டாள். அடுத்த சொல் பெயர்.

பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் ஜாதகம் சரியில்லை என்று இருபது வருஷம் ஒரே பொய்யைச் சொன்னவள்தான். ஆனால் விலாசத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இல்லாத ஒரு பெயரை, இல்லாத ஒரு தெருவை, இல்லாத ஒரு வீட்டு எண்ணை அந்தக் கணத்தில் உண்டாக்க வேண்டும். மண்டைக்குள் தேடினாள். அங்கே போய்ப் பார்த்துச் சரிபார்த்த விலாசங்கள்தான் அடுக்கி வைத்திருந்தன. பொய்யாக ஒன்றுகூட இல்லை.

வாய் தானாகத் திறந்தது.

"தங்கமணி. ஷ்வேப்யிதா, தொழிற்பேட்டைக்குப் பின்னாடி, ஒன்பதாவது தெரு, நாற்பத்தொன்றாம் எண். வேலை போன தொழிற்சாலைப் பெண்கள் எண்பது பேருக்கு மதியச் சாப்பாடு. நேரில் சரிபார்க்கப்பட்டது."

செல்லக்கண்ணு அதை அப்படியே பர்மியில் சொன்னார். பேனா ஓடியது. தஸ்பீஹ் நின்றது. ஹாஜியார் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மகள் பிழைத்தாள் என்று அவர் உதடு நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்தபோதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது சத்யபாமாவுக்கு உறைத்தது.

தங்கமணி கற்பனை இல்லை. ரத்தமும் சதையுமாக ஷ்வேப்யிதாவில் இருக்கிறவள். இந்த ஆபீசுக்கு ஒன்பது வருஷம் மதியச் சாப்பாடு சமைத்துக் கேரியரில் கொண்டுவந்தவள். ஆபீஸ் காலியானபோது அவளுக்குச் சேர வேண்டிய தொகைக்குத் தாள் எழுதியவளும், அதைக் கொடுக்க அவள் வீடுவரை போனவளும் சத்யபாமாதான். கடைசியாக அவள் நேரில் சரிபார்த்த விலாசம் அதுதான். அதனால்தான் வாயில் முதலில் வந்து விழுந்தது.

"சரிதானா?" என்றார் அதிகாரி, ஹாஜியாரைப் பார்த்து.

"சரி" என்றார் ஹாஜியார்.

பர்மியில் எழுதிய தாளில் செல்லக்கண்ணு கையெழுத்துப் போட்டார், ஹாஜியார் போட்டார், சத்யபாமா போட்டாள். அதிகாரிக்கு வேண்டியது அந்தத் தாள்தான். தமிழ்ப் புத்தகத்தை அவளிடமே தள்ளிவிட்டார். அத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

"நேரில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அப்படியானால் வீடு தெரியும். வாருங்கள், காட்டுங்கள். பெரியவர் இங்கேயே இருக்கட்டும், நாம் திரும்பி வரும்வரை." ஒரு துப்பாக்கிக்காரன் ஹாஜியாருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். போன்கள் மேஜையிலேயே கிடந்தன.

வண்டியில் அவளைப் பின்சீட்டில் நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கம் செல்லக்கண்ணு. மழை பிடித்துக்கொண்டது. ஷ்வேப்யிதாவுக்கு ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒருமணி நேரமும் அவளுக்கு ஒரே ஒரு நினைவுதான். பிரேம்நாத்.

தங்கமணியின் ஒரே மகன் பிரேம்நாத், இருபத்திரண்டு வயசு. போன வருஷம் ராணுவத்தின் கட்டாய ஆளெடுப்புச் சீட்டில் அவன் பெயர் விழுந்தது. மலேசியாவுக்குப் போய்விட்டான் என்று வார்டில் எழுதிக் கொடுத்து, அதற்கு ஆகவேண்டிய செலவையும் செய்து, தங்கமணி அவனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பதினொரு மாதமாக அவன் வாசல்படி தாண்டவில்லை. தொகையைக் கொடுக்கப் போன அன்றைக்கு, "ஒங்ககிட்ட மட்டும்தான் நெசத்தச் சொல்றேன் அக்கா, வேற ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது" என்று தங்கமணி சொன்னாள். அவன் உள்ளேயிருந்து வந்து, வெங்காயம் உரித்த கையோடு கும்பிட்டுவிட்டுப் போனான்.

இப்போது வாய் திறக்கலாம். வண்டியை நிறுத்துங்கள், நான் பொய் சொன்னேன் என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? வண்டி ஆற்றங்கரைக்குத் திரும்பும். பச்சைத் தகரக் கேட்டு உடையும். உஸ்மாவை என்ன செய்வார்கள் என்று நினைக்கவே உடம்பு கூசியது. ஹாஜியார், மற்ற ஆறு பேர், கடைசியில் இவள். ஒரு பக்கம் எட்டுப் பேரும் ஒரு டாக்டரும். இன்னொரு பக்கம், பரணில் பதுங்கி இருந்தால் யார் கண்ணிலும் படாமலே போகக்கூடிய ஒரு பையன். காசைப் பத்து இடத்தில் பிரித்துப் போடுங்கள், ஒன்று போனாலும் ஒன்பது நிற்கும் என்று பதினான்கு வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்தப் புத்தி இப்போது மனுஷ உயிரைக் கூறுபோட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருப்பைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"தங்கமணின்னா நம்ம சனமா, தங்கச்சி?" என்றார் செல்லக்கண்ணு திடீரென்று தமிழில்.

முன்சீட்டில் அதிகாரியின் தலை லேசாகத் திரும்பியது.

"ஆமாண்ணே."

"எண்பது பேருக்குச் சமைக்கிறது லேசுப்பட்ட காரியமா" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது சாதாரணப் பேச்சா, ஏதாவது சொல்ல வந்தாரா என்று அவள் கடைசிவரை யோசித்தாள்.

தொழிற்பேட்டையைத் தாண்டித் தெரு சேறாகிக் கிடந்தது. வீட்டைக் காட்டாமல் வேறு தெருவுக்குள் விடலாமா என்று பார்த்தாள். ஓட்டுகிறவன் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிட்டான். நாற்பத்தொன்று. தகரக் கூரை, முன்னால் சார்ப்பு, சார்ப்புக்குள் விறகடுப்பு. அடுப்பில் பெரிய அலுமினியப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. தங்கமணி மெய்யாகவே சமைத்து விற்கிறவள். ஒரு நாற்பது ஐம்பது தொழிற்சாலைப் பெண்களுக்குக் காசுக்குச் சாப்பாடு போட்டு வயிறு கழுவினாள். அந்தப் பானை அங்கே இருந்ததைப் பார்த்ததும் சத்யபாமாவுக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. பொய் நிற்கும்.

வண்டிச் சத்தம் கேட்டுத் தங்கமணி வெளியே வந்தாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் கரண்டி. துப்பாக்கியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சத்யபாமாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது வருஷம் தினமும் பார்த்த முகம் அது. அதில் எதைப் படித்தாளோ, கரண்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, "வாங்க சயா, மழையில நிக்காதீங்க" என்றாள் பர்மியில்.

"இவர்களிடமிருந்து உனக்கு உதவி வருகிறதா?" என்றார் அதிகாரி.

தங்கமணி கண் சிமிட்டவில்லை. "வருது சயா. ஆபீஸ் அக்காதான் பாத்துக்கிறாங்க."

"எதற்கு?"

அவள் பானையைக் காட்டினாள். "சாப்பாட்டுக்குத்தான். வேற எதுக்கு?"

"மாதம் எவ்வளவு?"

அந்த எண்ணை இவளுக்கு யார் சொல்வது? செல்லக்கண்ணு பக்கத்திலேயே நிற்கிறார். தமிழில் ஒரு சொல் உதிர்ந்தாலும் பிடித்துக்கொள்வார்.

"காசு நான் கண்ணால பாக்கல சயா" என்றாள் தங்கமணி. "அரிசியா வரும், எண்ணெயா வரும், பருப்பா வரும். கணக்கெல்லாம் படிச்சவங்ககிட்ட. எனக்குத் தெரிஞ்சது அடுப்புதான்."

இவ்வளவு சுத்தமான பொய்யைச் சத்யபாமா ஜென்மத்தில் கேட்டதில்லை. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். எழுதி முடித்துக் குறிப்பேட்டை மூடினார். அவ்வளவுதான். இன்னும் ஒரு நிமிஷம். வண்டி கிளம்பிவிடும்.

அவர் கிளம்பவில்லை. பானைக்கு முன்னால் போய் நின்றார். சோறு பொங்கும் வாசனையை முகர்ந்தார். மனம் விட்டுத்தான் முகர்ந்திருப்பார். அவர் வீட்டிலும் மதியம் யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

"இது எண்பது பேருக்கா?"

"ஆமா சயா."

"இறக்கிக் காட்டு."

தங்கமணி துணியைச் சுற்றிப் பானையின் காதைப் பிடித்தாள். பானை அசையவில்லை. இன்னொருதரம் முயன்றாள். துப்பாக்கிக்காரன் சிரித்துக்கொண்டே வந்து ஒரு கை கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கியபோதே கஞ்சி தளும்பியது.

"தினமும் இதை நீ ஒருத்தியாகவா இறக்குகிறாய்?" அதே மெதுவான குரல். கோபமே இல்லை.

"பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வருவாங்க சயா."

"கூப்பிடு."

தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. வண்டியைப் பார்த்ததுமே எல்லாக் கதவும் சாத்தியாயிற்று. தங்கமணி கூப்பிட வாயெடுத்தாள், யார் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். சரிபார்க்கப் போகிற இடத்தில் சத்யபாமா கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டிருந்தார். பாரத்தை யார் தூக்குகிறார்கள்? எண்பது என்று சொன்னது யார்? இவள்தான். நாற்பது என்று சொல்லியிருந்தால் அவர் பானையைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

அதிகாரி வீட்டுக்குள் தலையை அசைத்தார். ஓட்டுகிறவனும் துப்பாக்கிக்காரனும் உள்ளே போனார்கள்.

அப்போது சத்யபாமாவின் தொண்டைவரை நான்கு சொற்கள் வந்தன. இது அந்த வீடு இல்லை. நான்கே சொற்கள். சொன்னால் அதிகாரி திரும்புவார், உள்ளே போனவர்களைக் கூப்பிடக்கூடச் செய்வார். தங்கமணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை, சாடை காட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். சத்யபாமா டாலாவை நினைத்தாள், ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவரை நினைத்தாள், கடைசியாகத் தன்னையும் நினைத்தாள். அந்தக் கடைசி நினைவைத்தான் அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை. அவள் வாய் திறக்கவில்லை.

உள்ளே பலகைகள் சரிகிற சத்தம் கேட்டது. பிரேம்நாத்தை இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பதினொரு மாதம் வெயில் படாத உடம்பு வெளுத்துக் கிடந்தது. பனியனில் சிலந்திவலை. அவன் திமிறவில்லை. அடுப்படியைத் தாண்டும்போது, "அம்மா, சோத்த வடிச்சிருங்க" என்றான், பயத்தில் வேறென்ன சொல்வது என்று தெரியாதவன் மாதிரி.

அதிகாரி அவன் பெயரைக் கேட்டுத் தன் போனில் ஏதோ தட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "விசாரணை மட்டும்தான்" என்றார் தங்கமணியிடம். "நாளைக் காலையில் ஆபீசுக்கு வா. உதவி வாங்குகிற விஷயத்தையும் அங்கே ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கும்." பிறகு சத்யபாமா பக்கம் திரும்பினார். "உங்கள் குறிப்பு சரியாக இருக்கிறது, டோ சத்யா. இவ்வளவு சரியாக இப்போதெல்லாம் யாரும் எழுதுவதில்லை. நீங்கள் பஸ்ஸில் போய்விடுவீர்கள் அல்லவா? வண்டியில் இடமில்லை." அங்கேயே நின்று போனில் பேசி, பெரியவரை வீட்டுக்கு விட்டுவிடச் சொன்னார்.

செல்லக்கண்ணு தரையைப் பார்த்தபடியே வண்டியில் ஏறினார். வண்டி சேற்றைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. தெருவில் மழைச் சத்தம்தான் மிஞ்சியது.

தங்கமணி அழவில்லை. அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். பானையை அப்படியே சாய்த்துக் கஞ்சியை வடித்தாள். மூடி இரண்டுதரம் நழுவியது. சத்யபாமா உதவிக்குப் போனாள். தங்கமணி முழங்கையால் அவளை விலக்கிவிட்டாள்.

வடித்து முடித்த பிறகுதான் கேட்டாள். "என் வீட்டு விலாசந்தான் கெடச்சுதா அக்கா ஒங்களுக்கு?"

"வேணும்னு சொல்லல தங்கம். வேற எதுவும் வாயில வரல. சத்தியமா வரல."

"யாருக்காகச் சொன்னீங்க?"

சத்யபாமா வாயைத் திறந்தாள்.

"வேணாம்" என்றாள் தங்கமணி உடனே. "சொல்லாதீங்க. தெரிஞ்சா நாளைக்கு என் புள்ளைக்காக நான் அதையும் சொல்லிருவேன்."

சார்ப்பிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. தொழிற்சாலைப் பெண்கள் இரண்டு பேர் கேரியரை வாங்க வந்து, தங்கமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள். தங்கமணி கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு மணையை இழுத்துப்போட்டுச் சத்யபாமாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குத் திரும்பக் கேப்பாங்க அக்கா. இன்னைக்கு மாதிரி அரிசி பருப்புன்னு மழுப்ப முடியாது. ஒரு எடத்துல தப்பாச் சொன்னாலும் அவன விடமாட்டாங்க. என்ன எழுதிருக்குன்னு சொல்லுங்க. எந்த மாசத்துலேர்ந்து, எவ்வளவு காசு, எத்தன பேருக்கு, எல்லாம்."

புத்தகம் கையில் இருந்தாலும் உதவியிருக்காது. அதில் தங்கமணியின் பெயரே இல்லையே. மனசிலிருந்தே சொன்னாள். நிதியின் பெயர், தலைவரின் பெயர், தொடங்கிய மாதம், முப்பது லட்சம், எண்பது பேர். தங்கமணி கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள். மாதத்தை ஒருதரம் தப்பாகச் சொன்னாள். சத்யபாமா திருத்தினாள். தங்கமணி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.